நிறையும் முறையும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று உங்கள் முன் யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மேடைகளில் பெரிதும் பேசப்படாத பொருள். எடைக் கணக்கு! இறாத்தலைக் கிலோவாக்குவதும் கிலோவை இறாத்தலாக்குவதும் பள்ளிப் பிள்ளையின் பலகைக் கணக்கன்றோ, இதற்கு ஒரு பொழிவும் வேண்டுமோ என்று நீங்கள் கருதலாம். வேண்டும் என்பதே என் விடை. ஒரு மொழியிலுள்ள சொல்லை வேற்று மொழிச் சொல்லால் பெயர்ப்பது எத்துணைப் பொறுப்பான பணியோ, அத்துணைப் பொறுப்பான பணியே ஓர் அளவையை வேற்று அளவையால் பெயர்ப்பதும். சொற்பெயர்ப்பில் பிழை நேர்ந்தால் கருத்துக் கெடும். அளவைப் பெயர்ப்பில் பிழை நேர்ந்தால் பொருள் கெடும்; சில வேளைகளில் உயிரே கெடும். இதனைக் கதையாகச் சொல்லவில்லை. நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே மெய்ப்பிக்கின்றேன்.

நிறையறிந்த இனம்

எடையும் அளவும் தமிழனுக்கு நேற்று வந்தவை அல்ல. தொல்காப்பியர் எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுக்கும்போதே, அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் மொழிமுதலாக வரும் எழுத்துகள் இவையென ஒன்பதைத் தொகுத்துச் சொன்னார். க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்பன அவை. இதற்கு எடுத்துக்காட்டுத் தந்த உரையாசிரியர் நிறைப் பெயர்களாகக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பவற்றை அடுக்குகின்றார். எண்ணிப் பாருங்கள்! எடைப் பெயரின் முதலெழுத்துக்கும் இலக்கணம் கண்ட மொழி நம் மொழி. புழக்கத்தில் எடைகள் மிகுந்திருந்தாலன்றி இத்தகைய இலக்கணம் பிறக்க வழியில்லை.

திருவள்ளுவர் நடுவுநிலைமையை விளக்க வந்தவிடத்து வேறெதனையும் நாடாது துலைக்கோலையே உவமையாக எடுத்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகார் நகர வணிகரைப் பாடும்போது, கொள்வதை மிகையாகக் கொள்ளாமையும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமையுமே அவர்தம் பெருமை என்றார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவேந்தன் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லாலும், அணிகலன்களைத் 'தக்கணமேரு விடங்கன்' என்னும் பெயருடைய கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கொடை எத்துணை என்பதோடு, எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என்பதையும் பொறித்து வைத்தான் அவன். இந்த ஒரு செய்தியை மட்டும் நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். எண் மட்டும் போதாது. எந்தக் கல் என்பதும் வேண்டும். என் உரை முழுமைக்கும் இதுவே உயிர்நாடி.

அக்காலப் பொன்னெடையில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றியும் மஞ்சாடியும் செடியிலும் மரத்திலும் விளையும் விதைகள். மேலைநாட்டார் மணிக்கற்களை நிறுக்கும் காரட்டு என்னும் எடையும் ஒரு மரத்தின் விதைப்பெயரினின்று வந்ததே. இன்று அது 200 மில்லிகிராம் என வரையறுக்கப்பட்டுள்ளது. விதையில் தொடங்கிய எடையறிவு உலகிற் பலவிடத்தும் ஒத்தே வளர்ந்தது.

முப்பெருங் குழப்பம்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னை மாநிலத்தில் வழங்கிய எடைகளைப் பாருங்கள். மூன்று தோலா ஒரு பலம்; எட்டுப் பலம் ஒரு சேர்; ஐந்து சேர் ஒரு வீசை; எட்டு வீசை ஒரு மணங்கு; இருபது மணங்கு ஒரு கண்டி. 1833-ஆம் ஆண்டு ஆங்கிலக் குழுமத்தார் தோலாவை 180 கிரெயின் என்று உறுதி செய்தனர். இன்றைய கணக்கில் அது 11.664 கிராம். அவ்வாறாயின் பலம் ஏறத்தாழ 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11.2 கிலோ, கண்டி 224 கிலோ.

இதனருகே வடபுலத்துச் சேர் வந்து நின்றது. அது 24 தோலா அன்று, 80 தோலா. அஃதாவது 933 கிராம். 'ஒரு சேர்' என்று எழுதிய ஓலையைச் சென்னையில் ஒருவன் படித்தால் ஒரு நிறை. வடக்கே ஒருவன் படித்தால் அதனினும் மூன்றேகால் மடங்கிற்கும் மிகுந்த நிறை! மணங்கோ இன்னும் கேடு. சென்னை மணங்கு ஏறத்தாழ 25 இறாத்தல். பம்பாய் மணங்கு 28 இறாத்தல். புகைவண்டித் துறையார் கொண்ட மணங்கு 82 இறாத்தலுக்கும் மேல். பெயர் ஒன்று, பொருள் மூன்று. இவற்றுக்கிடையே மாட்டிக்கொண்டவன் யார்? கூலத்தை வண்டியிலேற்றிக் கொண்டுவந்த உழவன்தான். எடையறியாதவன் எப்போதும் ஏமாறுகின்றான். பல எடை வழங்குமிடத்தில் எடையறிந்தவனும் ஏமாறுகின்றான்.

இவற்றோடு ஆங்கிலேயரின் சொந்த எடைகளும் வந்தன. பதினாறு அவுன்சு ஓர் இறாத்தல். பதினான்கு இறாத்தல் ஒரு கல். எட்டுக் கல், அஃதாவது 112 இறாத்தல், ஓர் அந்தர். இருபது அந்தர், அஃதாவது 2240 இறாத்தல், ஒரு தொன். அந்தர் என்னும் சொல்லே ஆங்கிலத்தில் நூறு என்னும் பொருளுடைய சொல்லின் திரிபு. பெயரில் நூறு; நிறையில் நூற்றுப்பன்னிரண்டு! அமெரிக்கர் இதனைப் பொறாது தம் நாட்டில் அதை நூறு இறாத்தலாகவே ஆக்கிக்கொண்டனர். அதனால் அவர்தம் தொன் 2000 இறாத்தலாயிற்று. இன்று 'தொன்' என்று சொன்னால் மூன்று பொருளுண்டு. ஆங்கிலத் தொன் 1016 கிலோ. அமெரிக்கத் தொன் 907 கிலோ. மெட்ரிக்குத் தொன் 1000 கிலோ. கப்பற் சரக்கு வாங்குவோன் எந்தத் தொன் என்று கேளாமல் கையெழுத்திட்டால், நூறு தொன்னில் ஒன்பது தொன்னுக்கு மேல் இழக்கவும் கூடும்.

ஆனாலும் பழைய முறையில் ஒரு நயம் இருந்ததென்பதை மறைத்தலாகாது. துலைக்கோலில் ஒரு பொருளை ஈராகப் பகுப்பது எளிது. பத்தாகப் பகுப்பது அரிது. பதினாறு அவுன்சை நான்கு முறை சரிபாதியாக்கலாம். வீசையின் நாற்பது பலத்தை அரை, கால், அரைக்கால் என்று முழுப்பலமாகவே பகுக்கலாம். இருபது, பத்து, ஐந்து என வரும். நம் முன்னோர் அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்ததும் இதனாலேயே. கிலோ வந்த பின்னும் நம் சந்தைப் பெண்டிர் இருநூற்றைம்பது கிராம் என்று கூவுவதில்லை. கால் கிலோ என்றே கூவுகின்றனர். அயலிலிருந்து வந்த அளவையையும் தம் மொழியின் பின்னத்தால் பகுத்து ஆளும் அறிவு எழுத்தறியா நம் தாய்மாரிடம் இருக்கின்றது. படித்தவரிடம் அது இருக்கின்றதா என்பதே கேள்வி.

கிலோ வந்த வழி

பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாகப் பிறந்த முறை மெட்ரிக்கு முறை. ஊருக்கோர் எடை, தலைவனுக்கோர் எடை என்றிருந்த நிலையை ஒழித்து, எல்லா மாந்தர்க்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவை என்னும் கொள்கையோடு 1790-களில் அதனை உருவாக்கினர். 1799-இல் பிளாட்டினத்தாலான கிலோக் கட்டி செய்து வைக்கப்பட்டது. 1875-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பாரிசு நகரில் பதினேழு நாடுகள் கூடி மீட்டர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டன. 1889-இல் புதிய அனைத்துலகக் கிலோக் கட்டி நிறுவப்பட்டது. அதன் படிகள் பல நாடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. இந்தியாவிற்குரிய படி 57 என்னும் எண்ணுடையது. புதுத்தில்லி இயற்பியல் ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் அந்தக் கட்டியும் ஓய்வு பெற்றது. பிளாங்கு மாறிலி என்னும் இயற்கையின் மாறா எண்ணைக் கொண்டே இப்போது கிலோ வரையறுக்கப்படுகின்றது. கல்லிலிருந்து கருத்துக்கு ஏறிவிட்டது எடை!

இந்திய நடுவணரசு 1956-இல் எடையளவைச் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் நாளில் தொடங்கிப் படிப்படியாகக் கிலோவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் 1957 ஏப்பிரலிலேயே ஓர் உருபாவிற்கு நூறு காசு என்னும் பதின்ம நாணயமும் வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்குள் பலமும் வீசையும் மணங்கும் கடைத்தெருவினின்று மறைந்தன.

இறாத்தலின் நிலை என்ன? உலகை ஆண்ட எடை என்று செருக்கியிருந்த அது, இன்று தனக்கெனத் தனிக்கல் இல்லாத எடை. அமெரிக்கா 1893-ஆம் ஆண்டிலேயே தன் இறாத்தலைக் கிலோவைக் கொண்டு வரையறுத்துவிட்டது. 1959 சூலை முதல் நாள் தொடங்கி இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் ஒரே வரையறையை ஒப்புக்கொண்டன. அதன்படி ஓர் இறாத்தல் என்பது 0.45359237 கிலோ. தோராயமன்று, வரையறையே இதுதான். கிலோவின் நிழலில் வாழும் குடிமகனாகிவிட்டது இறாத்தல். ஆயினும் ஆங்கிலேயன் அதனை எளிதில் விட்டானா? 2001-ஆம் ஆண்டு சந்தர்லாந்து நகரில் வாழைப்பழத்தை இறாத்தல் கணக்கில் விற்ற ஒரு கடைக்காரர் தண்டிக்கப்பட்டார்; அவர் மேல்முறையீடு செய்து உயர்மன்றம் வரை வழக்காடினார்; 2002-இல் தோற்றார். அவர் செய்தது செம்மையா என்பது வேறு. தன் முன்னோர் கையாண்ட ஓர் அளவைச்சொல்லுக்காக ஒரு கடைக்காரன் மன்றமேறினான் என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

பெயர்க்கும் முறை

இனிக் கணக்கிற்கு வருவோம். துல்லியமாக வேண்டுமெனில் இறாத்தலை 0.4536-ஆல் பெருக்கினால் கிலோ, கிலோவை 2.2046-ஆல் பெருக்கினால் இறாத்தல். அவுன்சை 28.35-ஆல் பெருக்கினால் கிராம். இவை ஏட்டில் எழுதிப் போடும் கணக்கு.

மனக்கணக்கிற்கு எளிய வழியொன்றுண்டு. கிலோவை இரட்டித்து, இரட்டித்ததில் பத்திலொன்றைக் கூட்டுக. 50 கிலோ எனில் இரட்டித்தால் 100, பத்திலொன்று 10, ஆக 110 இறாத்தல். உண்மை விடை 110.2. எதிர்த்திசையில் இறாத்தலைப் பாதியாக்கி, பாதியில் பத்திலொன்றைக் கழிக்க. 150 இறாத்தல் எனில் பாதி 75, பத்திலொன்று 7.5, ஆக 67.5 கிலோ. உண்மை விடை 68.04. முதல் வழியில் பிழை நூற்றுக்குக் கால்பங்கினும் குறைவு. இரண்டாம் வழியில் நூற்றுக்கு முக்காற்பங்கைச் சற்றே தாண்டும். தோராய மதிப்பிற்கு இது போதும். பொன்னுக்கும் மருந்துக்கும் போதாது. எதற்கு எவ்வளவு நுண்மை வேண்டும் என்றறிவதே கணக்கறிவின் முதற்படி.

பொன்னெடையில் மறைந்திருக்கும் பள்ளமொன்றைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். அவுன்சு இருவகைப்படும். பொதுப்பொருளை நிறுக்கும் அவுன்சு 28.35 கிராம். பொன்னும் வெள்ளியும் நிறுக்கும் திராய் அவுன்சு 31.10 கிராம். பொதுவெடையில் பதினாறு அவுன்சு ஓர் இறாத்தல். திராய் எடையில் பன்னிரண்டு அவுன்சே ஓர் இறாத்தல். எனவே ஓர் அவுன்சுப் பொன் ஓர் அவுன்சுப் பஞ்சினும் நிறைமிகுந்தது. ஓர் இறாத்தல் பொன்னோ ஓர் இறாத்தல் பஞ்சினும் நிறைகுறைந்தது! 373 கிராம் ஒருபுறம். 454 கிராம் மறுபுறம். விடுகதை போலத் தோன்றினும் இது வெறுங் கணக்கே.

இலண்டன் பொன்விலை திராய் அவுன்சில் சொல்லப்படுகின்றது. நம் இல்லங்களில் பொன் பவுனில் எண்ணப்படுகின்றது. பவுன் என்பது ஆங்கில அரசின் பொற்காசு. அதன் நிறை 7.988 கிராம், நம் கடைகளில் அதனை 8 கிராம் என்று முழுமையாக்கிக் கொண்டனர். திராய் அவுன்சு விலையைக் கண்டு பவுன் விலையறிய வேண்டுமாயின் 31.1035-ஆல் வகுத்து எட்டால் பெருக்குதல் வேண்டும். பொது அவுன்சென்று கருதி 28.35-ஆல் வகுத்தால் விடை நூற்றுக்குப் பத்து என்னுமளவுக்கு மிகுந்துவிடும். உலகச் சந்தையின் விலை மாசற்ற பொன்னுக்குரியது. நகைப்பொன் 22 காரட்டு, அஃதாவது ஆயிரத்தில் 916.7 பங்கே பொன் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். மகள் திருமணத்திற்குப் பவுன் சேர்க்கும் பெற்றோர் இக்கணக்கை அறியாமல் விலைப்பலகையை அண்ணாந்து பார்த்து நிற்பது நமக்கு அழகன்று.

இறாத்தல் போய்விட்டதென்று எண்ணாதீர்கள். கொங்கு நாட்டு நூற்பாலைகளில் இன்றும் அது வாழ்கின்றது. நாற்பதாம் எண் நூல் என்கின்றோமே, அந்த நாற்பது என்ன? ஒரு சிட்டம் என்பது 840 கசம். ஓர் இறாத்தல் நிறைக்கு எத்தனை சிட்டம் நூல் வருமோ, அதுவே நூலின் எண். நாற்பதாம் எண் நூலில் ஓர் இறாத்தலுக்கு 33,600 கசம். மெட்ரிக்குக் கணக்கில் ஆயிரம் மீட்டர் நூலின் நிறை 14.76 கிராம். எண் உயர உயர நூல் மெலிவது ஏனென்று இப்போது விளங்கும். ஒரே நிறைக்குள் மிகுந்த நீளம் அடங்குவதால். பருத்தியின் விலையோ கண்டிக் கணக்கில் பேசப்படுகின்றது. இந்தக் கண்டி நம் பழைய 224 கிலோக் கண்டி அன்று. 784 இறாத்தல், அஃதாவது ஏழு அந்தர், அஃதாவது 356 கிலோ. நியூயார்க்குச் சந்தையில் பருத்தி இறாத்தலுக்கு இத்தனை செண்டு என்று பேசப்படுவதால், அதனை 784-ஆல் பெருக்கினால் கண்டி விலை கிடைத்துவிடும். இறாத்தலுக்கு 80 செண்டு என்று வைத்துக்கொண்டால் கண்டிக்கு 627 தாலருக்குச் சற்று மிகும். ஆனால் பஞ்சுப் பொதியோ 170 கிலோ! இறாத்தலில் நூலெண், கண்டியில் விலை, கிலோவில் பொதி. இம்மூன்றையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைத்துக் கணக்கிடும் தமிழ்க் கணக்கர்களின் அறிவைப் பாராட்டாமலிருக்க முடியவில்லை. அக்கணக்கைத் தமிழில் எழுதிவைக்க வேண்டுமென்னும் வேட்கைதான் நமக்கு இல்லை.

எண் பிழையன்று, பெயர் பிழை

இனி, தொடக்கத்தில் சொன்ன மெய்ப்பிப்புக்கு வருகின்றேன். 1983-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள். கனடா நாடு இறாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஏர் கனடா நிறுவனத்தின் 143-ஆம் எண் வானூர்தி மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குச் செல்லவேண்டும். புதிய போயிங் 767 வகை வானூர்தி அது. எரிபொருள் கிலோவிற் கணக்கிடப்படும் வகை. எரிபொருள் காட்டும் கருவி பழுதுபட்டிருந்ததால், கோலிட்டு அளந்து பார்த்தனர். தொட்டிகளில் 7,682 இலிட்டர் இருந்தது. பயணத்திற்கு வேண்டியதோ 22,300 கிலோ.

இலிட்டரை நிறையாக மாற்றவேண்டும். கையிலிருந்த எண் 1.77. அந்த எண் பிழையானதா? இல்லை! முற்றிலும் செம்மையானது. ஓர் இலிட்டர் எரிபொருளின் நிறை 1.77 இறாத்தல் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அதனை 1.77 கிலோ என்று கொண்டனர். கிலோவாயின் 0.8 என்றிருந்திருக்க வேண்டும். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி 13,597 கிலோ இருப்பதாக முடிவு கட்டினர். மேலும் வேண்டியது 8,703 கிலோ என்று கண்டு, அதனை 1.77-ஆல் வகுத்து 4,917 இலிட்டர் மட்டும் நிரப்பினர். உண்மையில் நிரப்பியிருக்க வேண்டியது ஏறத்தாழ 20,000 இலிட்டர். பெருக்கலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை, வகுத்தலில் பிழையில்லை. 22,300 கிலோ இருக்கவேண்டிய வானூர்தியில் 22,300 இறாத்தலே இருந்தது. வேண்டியதில் பாதிக்கும் குறைவு!

நாற்பத்தோராயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக இரு பொறிகளும் நின்றன. தலைமை வலவர் இராபர்ட்டு பியர்சன் பொறியற்ற மிதவூர்தி ஓட்டிப் பழகியவர். துணைவலவர் மோரீசு குவிண்டாலுக்கு மானிட்டோபா மாநிலத்துக் கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய வான்படைத் தளம் நினைவுக்கு வந்தது. பொறியற்ற அப்பெரும் ஊர்தியை மிதக்கவிட்டே அவ்விடத்து இறக்கினர். அங்கே உந்துவண்டிப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது, மக்கள் கூடியிருந்தனர். ஊர்தியிலிருந்த 69 பேரும் தரையிலிருந்தோரும் உயிர் பிழைத்தனர். வலவரின் திறமை காத்தது, கணக்கு காக்கவில்லை.

தஞ்சைக் கல்வெட்டை நினைவுகூருங்கள். எத்துணைக் கழஞ்சு என்று மட்டும் எழுதாமல் எந்தக் கல்லால் நிறுத்தது என்றும் எழுதினானே, அந்த ஒழுங்கு அன்று மொன்றியலில் இருந்திருந்தால், 1.77 என்னும் எண்ணருகே 'இறாத்தல்' என்னும் ஒரு சொல் தெளிவாக நின்றிருந்தால், அந்த ஊர்தி வானில் வறண்டு நின்றிருக்காது. பெயரில்லா எண் பொய்யினும் கொடிது. ஏனெனில் அது மெய்போலவே தோன்றும்.

மருந்திலும் இதே இடர் உண்டு. பிள்ளைகளுக்குரிய மருந்தளவு உடல்நிறையின் கிலோவுக்கு இத்தனை என்று கணக்கிடப்படுவது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்னும் மருந்தைப் பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம் கொடுக்கவேண்டும். அதே குழந்தையின் நிறை 22 இறாத்தல். அமெரிக்காவில் வாழும் நம் உறவினர் வீட்டுப் பிள்ளையின் நிறையை 22 என்று மட்டும் எழுதி அனுப்ப, இங்குள்ளவர் அதனைக் கிலோவென்று கொண்டால் மருந்து 330 மில்லிகிராம் ஆகிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல்! நம் சித்த மருத்துவ நூல்களில் வரும் எடைகளுக்கும் இது பொருந்தும். குன்றிமணி எடை 130 மில்லிகிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம் எனக் கொள்வது இன்றைய வழக்கு. பலத்தை அவுன்சுக்கு ஒப்பென்று கருதினாலோ, சென்னைச் சேரையும் வடபுலச் சேரையும் மயங்கினாலோ மருந்து நஞ்சாகும்.

நம் வீட்டுக் குழப்பம்

பிறர் வீட்டுக் குழப்பத்தைப் பேசினேன். நம் வீட்டுக் குழப்பமொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு வேறு. அதனை நிலவுலகம் ஈர்க்கும் விசை வேறு. கிலோவும் இறாத்தலும் முதலாவதற்குரிய அலகுகள். இரண்டாவது விசை, அதன் அலகு நியூட்டன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முதலாவதை 'நிறை' என்றும் இரண்டாவதை 'எடை' என்றும் கூறுகின்றன. ஈழத்துப் பாடநூல்களோ முதலாவதைத் 'திணிவு' என்றும் இரண்டாவதை 'நிறை' என்றும் கூறுகின்றன. பார்த்தீர்களா? 'நிறை' என்னும் ஒரே தூய தமிழ்ச்சொல் பாக்கு நீரிணையைக் கடந்தால் பொருள் மாறிவிடுகின்றது! யாழ்ப்பாணத்து மாணவன் தமிழகத்து நூலைப் படித்தால், தமிழகத்து மாணவன் ஈழத்து நூலைப் படித்தால், 1.77 என்னும் எண்ணைப் படித்த கனடாக்காரன் நிலைதான் அவனுக்கும்.

இது வெறுஞ் சொல்வழக்கு என்று தள்ளாதீர்கள். 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அமெரிக்கரின் செவ்வாய்க் கோள் விண்கலமொன்று அழிந்தது. ஒரு சாரார் விசையை இறாத்தல் கணக்கில் தந்தனர். மறுசாரார் அதனை நியூட்டன் கணக்கென்று கொண்டனர். இரண்டிற்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு. பல திங்கள் பயணம் செய்து கோளை அடைந்த கலம், சுற்றுப்பாதையில் அமைய வேண்டிய நாளிலேயே தொலைந்தது. அறிவியலில் வல்ல நாட்டிலேயே இஃது நிகழ்ந்ததெனின், ஒரு சொல்லுக்கு இரு பொருள் வைத்துக்கொண்டு அறிவியல் வளர்க்க முற்படும் நாம் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

ஈழத்தாரின் 'திணிவு' பொருட்செறிவுள்ள சொல். தமிழகத்தாரின் 'எடை' மக்கள் நாவிற் பழகிய சொல். எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பதை இரு நிலத்து அறிஞரும் கூடி முடிவு செய்யட்டும். முடிவு செய்யும் வரையில் எழுதுவோர் ஒவ்வொருவரும் தாம் எப்பொருளில் எச்சொல்லைக் கையாள்கின்றோம் என்பதை முதற்பக்கத்திலேயே வரையறுத்து எழுதட்டும்.

நாம் செய்ய வேண்டுவன

அளவையில் உலகோடு ஒத்துப் போவது அறிவு. கிலோ வேண்டா, வீசையே வேண்டும் என்று யான் சொல்ல வரவில்லை. பழம்பெருமைக்காகத் துலைக்கோலைப் பின்னுக்கு இழுப்பது அறிவன்று. ஆனால் அளவையை ஏற்கும்போது நாவையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று எவனும் விதிக்கவில்லை. நம் முன்னோர் காசுக்குப் பவுன் என்றும் எடைக்கு இறாத்தல் என்றும் வேறு பெயர் வழங்கி, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய்க் குழம்பிக் கிடந்ததைத் தமிழில் இரண்டாய்ப் பிரித்துத் தெளிந்தனர். இறாத்தல் என்பது அரபிலிருந்து வந்ததே, பவுனும் அயற்சொல்லே. ஆயினும் பொருளைப் பிரித்தறிந்து பெயரிட்ட அத்தெளிவு நமக்குரியது. அத்தெளிவோடு தூய தமிழ்ப் பெயர்களையும் ஆக்கிக்கொள்ளுதல் நம் தலைமுறையின் கடமை.

ஆகவே நான்கு பணிகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒன்று, எந்த எண்ணை எழுதினும் அதன் அலகின் பெயரைத் தமிழெழுத்தில் முழுமையாக எழுதுங்கள். கடைப் பற்றுச்சீட்டாயினும் மருத்துவமனைக் குறிப்பாயினும் அலகில்லா எண்ணை ஏற்காதீர்கள்.

இரண்டு, நூற்பாலை, பொற்கடை, நாட்டு மருந்தகம் ஆகியவற்றிற் பணிசெய்யும் தமிழன்பர்கள் தத்தம் தொழிலில் வழங்கும் எடைப்பெயர்களையும் அவற்றின் கிலோ மதிப்பையும் தமிழிற் பட்டியலிட்டு வையுங்கள். பலமும் வீசையும் மணங்கும் அறிந்த முதியோர் அருகிவருகின்றனர். அவர்தம் நினைவிலுள்ளவை ஏட்டில் ஏறாவிடில் பழைய கணக்கேடுகளும் ஆவணங்களும் நமக்கே புரியாத அயல்மொழியாகிவிடும்.

மூன்று, பிள்ளைகளுக்கு மனக்கணக்கைத் தமிழிற் கற்பியுங்கள். அரை, கால், அரைக்கால் என்னும் சொற்கள் அவர்கள் நாவில் நிலைக்கட்டும். பெட்டிக் கருவி விடை தரும். விடை பொருந்துமா என்று ஐயுறும் அறிவைத் தாராது.

நான்கு, தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் பிற நிலத்துத் தமிழர்க்கும் பொதுவான அளவைச் சொற்கள் வேண்டுமென்று ஆசிரியர்களும் நூலாசிரியர்களும் குரல் கொடுங்கள்.

தோழர்களே! துலைக்கோலின் இரு தட்டும் ஒத்து நிற்கும்போதுதான் நடுமுள் நேர்நிற்கும். ஒரு தட்டில் உலக அறிவு. மறு தட்டில் தாய்மொழி. முன்னதை மட்டும் ஏற்றியவன் பிறர்க்கு எடுபிடியாவான். பின்னதை மட்டும் ஏற்றியவன் உலகச் சந்தையில் ஏமாறுவான். இரண்டையும் நிறைவாக ஏற்றுவோம். எண்ணறிந்து, பெயரறிந்து, நிறையறிந்து வாழ்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவு!